கடல் கடந்த கொசுறு

பெரம்பலூரிலிருந்து எந்தத் திசையில் கிளம்பினாலும் கடலைப் பார்க்க அரை நாள் ஆகும். அப்படிப்பட்ட ஊரில், எளம்பலூர் ரோட்டில் ஓர் உரக்கடையின் மாடியில், 'ஏற்றுமதி ஆலோசனை: கப்பல், விமானம்' என்று அனுசுயா பலகை மாட்டினாள். ஏணியை எடுப்பதற்குள் உரக்கடைக்காரர் வெளியே வந்து அண்ணாந்து படித்தார். கப்பல் பஸ் ஸ்டாண்டுக்குள்ளேயே வருமா, பாலக்கரையோடு நின்றுவிடுமா என்று விசாரித்தார்.

"நாலு ரோட்டுல நிக்குங்க. நீங்க கை காட்டினா ஏத்திக்குவாங்க" என்றாள் அனுசுயா, முகத்தில் சிரிப்பே இல்லாமல். அன்று மாலையே அவர் மாடிக்கு ஒரு மேஜை விசிறியை இனாமாகக் கொடுத்தனுப்பினார்.

அனுசுயா ஜெயங்கொண்டத்துப் பெண். அரியலூர் கல்லூரியில் பி.காம் முடித்த கையோடு தூத்துக்குடியில் ஒரு சரக்கு முகவர் அலுவலகத்தில் சேர்ந்தாள். வெளிநாட்டுக்குப் போகும் பெட்டிகளுக்குக் காகிதம் தயாரித்து, சுங்கத்துக்கும் துறைமுகத்துக்கும் அலைந்து, கப்பலில் ஏற்றிவிடுவதுதான் அங்கே வேலை. பத்து வருஷத்துக்கு மேல் அதில் உழன்றாள். கணவன் பரணிதரனுக்கு மின்வாரியத்தில் பெரம்பலூருக்கு மாற்றல் வந்தபோது வேலையை விட்டுவிட்டுக் கூடவே வந்தாள். வீட்டில் சும்மா இருந்து பார்த்தாள். ஆடியில் ஆரம்பித்த ஓய்வு ஐப்பசி வரைக்கும்கூடத் தாங்கவில்லை. எதைப் பார்த்தாலும் அதை எந்த மாதிரி அட்டைப்பெட்டியில் வைத்தால் நசுங்காது என்றே யோசனை ஓடியது. கல்யாண வீட்டில் இலையில் விழுந்த அப்பளத்தை எடுத்து ஒடித்துப் பார்த்து, இது ஈரக்காற்றுக்குத் தாங்காது, சிங்கப்பூர் போய்ச் சேரும்போது நமுத்துவிடும் என்று சொன்னாள். கூட உட்கார்ந்திருந்த பரணிதரன், நாளைக்கே ஓர் அறை பார்த்து அட்வான்ஸ் கொடுத்துவிடலாம் என்றான்.

வந்தவர்கள் எல்லா விதத்திலும் வந்தார்கள். கல்லங்குறிச்சிப் பக்கமிருந்து ஒருவர் முந்நூறு வெள்ளாடுகளை உயிரோடு துபாய்க்கு அனுப்ப வேண்டும் என்றார். வழியில் அவற்றுக்குத் தீனி யார் போடுவார்கள் என்று அனுசுயா கேட்டாள். கப்பல்காரன் போடமாட்டானா என்று அவர் திருப்பிக் கேட்டார். ஆண்டிமடத்தில் முந்திரி உடைக்கும் ஆலை வைத்திருந்த ராஜவேல், ஓமன் நாட்டு வியாபாரி மாதிரிச் சரக்கு கேட்டார் என்று வீட்டார் அத்தனை பேரையும் உட்காரவைத்து, பருப்பில் ஒரு கீறல்கூட இல்லாமல் பொறுக்கியெடுத்து அனுப்பிவிட்டார். அப்புறம் கேட்டது மொத்தமும் அதே மாதிரி வேண்டும் என்று ஓமன்காரர் பிடித்த பிடியில் நின்றார்.

"ஏன் சார், பொண்ணு பாக்க வர்றவங்களுக்கு வைக்கிற பலகாரத்தையா தினமும் சாப்பிடுறோம்? உங்க வூட்ல சாதாரணமா என்ன விழுதோ அதுதான் மாதிரி. அத அனுப்புங்க" என்றாள் அனுசுயா. ராஜவேல் அடுத்த முறை சாதாரணத்தை அனுப்பினார். விலை கொஞ்சம் குறைந்தது, வியாபாரம் நிலைத்தது. இன்றைக்கும் அவர் ஆலையிலிருந்து பெட்டிகள் போய்க்கொண்டிருக்கின்றன.

ஆனால் அனுசுயாவின் மனசு கிடந்தது சின்ன வெங்காயத்தில். செட்டிகுளம், நாட்டார்மங்கலம், இரூர் வட்டாரத்து மண்ணில் விளைகிற வெங்காயத்துக்கு ஒரு சிவப்பும் காரமும் உண்டு. காயவைத்து, காற்றுப் புகும் பட்டறையில் சேமித்தால் மாதக்கணக்கில் கெடாது. அந்த வெங்காயம் மலேசியாவுக்கும் போகத்தான் செய்தது. ஆனால் திருச்சி மண்டிக்குப் போய், அங்கிருந்து யாரோ வாங்கி, அவரிடமிருந்து இன்னொருவர் வாங்கி, கடைசியில் எவர் பெயரிலோ கப்பலேறியது. விளைவித்தவனுக்கு அது எந்த நாட்டுச் சாம்பாரில் மிதந்தது என்பதுகூடத் தெரியாது. ஏற்றுமதி வரியை அரசு நீக்கிய வருஷம், அனுசுயா செட்டிகுளத்து உழவர் குழுவிடம் போய், உங்கள் பெயரிலேயே ஒரு முழுக் கன்டெய்னர் பெட்டி அனுப்பலாம் என்றாள்.

குழுவின் தலைவர் கண்ணையன். அறுபதை நெருங்கும் மனிதர். எதையும் முதலில் கேலி செய்துவிட்டு அப்புறம்தான் யோசிப்பார். வாங்கப்போவது மலேசியாவின் கிள்ளானில் மொத்த வியாபாரமும் கடையும் நடத்தும் தனபாக்கியம் என்ற தமிழ்ப் பெண்மணி என்று அனுசுயா சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. நம்ம ஆள்தானே, கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பொறுத்துக்கொள்வார் என்றார்.

"அண்ணே, அவங்க தாத்தா உடையார்பாளையத்துப் பக்கம்னு போன எடுத்ததும் அவங்களே சொல்லிட்டாங்க. சொல்லிட்டு, அதனால விலையக் குறைச்சிக்குங்கன்னாங்க."

குழுவே சிரித்தது. கண்ணையன் மட்டும், பொம்பள வியாபாரிதான் என்று மெச்சிக்கொண்டார்.

தனபாக்கியம் வைத்த நிபந்தனைகள் கறாரானவை. காய் ஒரே அளவில் இருக்க வேண்டும். ஈரம் கூடாது, வாலை ஒட்ட நறுக்கியிருக்க வேண்டும். ஐந்து கிலோ வலைப்பைகளாகக் கட்டி, தீபாவளிக்கு முன்னால் வந்து சேர வேண்டும். முதல் பெட்டி ஒழுங்காக வந்தால் பதினைந்து நாளைக்கு ஒரு பெட்டி, வருஷம் முழுக்க வாங்கிக்கொள்வார். வராவிட்டால் பழைய ஆளிடமே வாங்குவார். கண்ணையனும் தன் பங்குக்கு ஒரு நிபந்தனை வைத்தார். இந்த ஒரு தடவை பார்ப்போம், சரிவரவில்லை என்றால் மண்டியே கதி, அப்புறம் யாரும் எங்களிடம் கப்பல் என்ற பேச்சையே எடுக்கக்கூடாது. இரண்டு நிபந்தனைக்கும் நடுவில் அனுசுயா நின்றாள்.

இரூர் சாலையில் ஒரு கொட்டகையைப் பிடித்து வேலை தொடங்கியது. காயைத் தரம் பிரித்து, எடை போட்டு, பை கட்டுவதற்குச் சுற்று ஊர்ப் பெண்கள் வந்தார்கள். அவர்களுக்குத் தலைவி ரெங்கம்மாள். கொட்டகையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குக் கேட்கிற குரலும், ஈர வெங்காயத்தைக் கண்ணை மூடிக்கொண்டே தொட்டுச் சொல்கிற விரலும் கொண்டவள். அனுசுயா புது எலக்ட்ரானிக் தராசுகளை வாங்கிவைத்து, சிவப்பு எண் சரியாக ஐந்தில் நின்றால்தான் பையை இறக்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்தாள். முதல் நாள் முழுக்க உடனிருந்து பார்த்தாள். ஒவ்வொரு பையும் ஐந்தில் நின்றது. திருப்தியோடு ஊருக்குத் திரும்பி, பைகளின் எண்ணிக்கையை ஐந்தால் பெருக்கி, அந்த எடையை எல்லாக் காகிதத்திலும் போட்டாள்.

கன்டெய்னர் வந்த அன்று கொட்டகை முன்னால் திருவிழா. லாரிச் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டி, பூசணிக்காய் உடைத்தார்கள். கண்ணையன் பெட்டிக்குள் ஏறி நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். லாரி கிளம்பி நெடுஞ்சாலைக்கு வந்தால், பாடாலூர் எடை மேடையில் ஜல்லி லாரிகள் நீண்ட வரிசையில் நின்றன. வெயில் ஏறுவதற்குள் போய்விடலாம் என்று ஓட்டுநர் அவசரப்பட்டார். ஒவ்வொரு பையும் தராசில் நிறுத்துக் கட்டியதுதானே, மொத்தத்தையும் எதற்கு நிறுக்க வேண்டும் என்று அனுசுயாவும் விட்டுவிட்டாள். தூத்துக்குடியில் வேறு யாராவது அப்படிச் செய்திருந்தால் அவள் ஒரு வாரத்துக்குத் திட்டியிருப்பாள்.

மறுநாள் காலை தூத்துக்குடியிலிருந்து பிரசாத் கூப்பிட்டான். பழைய அலுவலகத்தில் அவளிடம் வேலை கற்றவன், இப்போது அங்கே அவளுடைய பெட்டிகளைப் பார்த்துக்கொள்பவன்.

"அக்கா, எடை ஒத்து வரல. அர டன்னுக்கு மேல கூடுது."

"குறையுதா, கூடுதா? சரியாச் சொல்லு."

"கூடுதுக்கா. குறைஞ்சாலாவது ஏமாத்துறானுவன்னு விட்டுருவாங்க. கூடுனா உள்ள என்னமோ ஒளிச்சி வச்சிருக்கீங்கன்னு நினைக்காங்க. கஸ்டம்ஸ் சார் பெட்டியத் தொறக்கச் சொல்லிட்டாரு."

அனுசுயாவுக்கு ஒவ்வொரு சந்தேகமாக எழுந்தது. கண்ணையன் ஆட்கள் ஈர வெங்காயத்தைக் கலந்துவிட்டார்களா? பூசணிக்காய் உடைத்த கூட்டத்தில் யாராவது வேண்டுதல் என்று எதையாவது உள்ளே வைத்துவிட்டார்களா? சிறிது நேரத்தில் பிரசாத் மறுபடியும் பேசினான். பைகளைப் பிரித்துக் கொட்டிப் பார்த்தார்களாம். வெங்காயத்தைத் தவிர எதுவும் இல்லை. ஆனால் ஐந்து கிலோ என்று எழுதிய எந்தப் பையும் ஐந்து கிலோ இல்லை. ஒன்று நூற்றைம்பது கிராம் கூட, ஒன்று இருநூறு கூட, ஒன்று நானூறு கூட. கடத்துகிறவன்கூட ஒரே கணக்காகத்தான் வைப்பான், இது என்ன கணக்கு என்று அதிகாரி குழம்பிப்போயிருந்தார்.

அனுசுயா ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் பறந்தாள். அங்கே உள்ளூர்க் கடைகளுக்காகப் பெண்கள் பை கட்டிக்கொண்டிருந்தார்கள். எதுவும் பேசாமல் ஓரமாக நின்று பார்த்தாள். தராசில் பை, சிவப்பு எண் ஐந்து. பை கீழே இறங்கியது. வாயைக் கட்டுவதற்கு முன்னால் ஒரு கை குவியலுக்குள் போய், ஒரு பிடி வெங்காயத்தை அள்ளிப் பைக்குள் போட்டது. அப்புறம் முடிச்சு. அடுத்த பெண், அதே மாதிரி. அதற்கடுத்தவள், அதே மாதிரி. ஒருத்தியும் தன் கையைப் பார்க்கவில்லை. பேச்சு ஒரு பக்கம், கை ஒரு பக்கம்.

கொசுறு.

முதல் நாளும் இதே கைகள் இதே வேலையைத்தான் செய்திருக்க வேண்டும். அவள் எதிரிலேயே. அவளுக்கு அது கண்ணில் படவே இல்லை. அன்று காலையில் காய்க்காரியிடம் கறிவேப்பிலைக்குக் கையை நீட்டியது அவள்தான். மூச்சு விடுவதை யார் கவனிக்கிறார்கள்?

"பெரிம்மா, நிறுத்த பிறகு ஏன் பெரிம்மா அள்ளிப் போடுறீங்க?"

ரெங்கம்மாளுக்குக் கேள்வியே விளங்கவில்லை. "பின்ன? கேஸ் கம்பெனிக்காரனாட்டம் நிறைக்கு நிறையா குடுக்கச் சொல்றியா? மொத மொத நம்மகிட்ட வாங்குற பொம்பள. அந்தம்மாவுக்கு நிறுத்தத மட்டும் குடுத்துட்டுக் கையத் தொடச்சிக்கிட்டா நிப்பாங்க?"

அனுசுயா பிரசாத்தைக் கூப்பிட்டுக் காரணத்தைச் சொன்னாள்; சற்று நேரத்தில் அவன் வீடியோவில் வந்தான். அதிகாரிக்கு அவன் வாய்மொழியாகச் சொன்ன காரணம் போதவில்லை. கொசுறு என்றால் என்ன என்று அவருக்கும் தெரியும், ஆனால் அரை டன் கொசுறை அவர் கேள்விப்பட்டதில்லை. அனுசுயா நடந்ததை அவரிடமே விளக்கினாள். ரெங்கம்மாளை எப்போதும் கட்டுகிற மாதிரி ஒரு பை கட்டச் சொல்லி, போனை அவள் பக்கம் திருப்பினாள். ரெங்கம்மாளோ, துறைமுகத்து அதிகாரி பார்க்கிறார் என்றதும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, தராசில் பையை வைத்து, ஐந்து வந்ததும் இறக்கி, ஒரு வெங்காயம்கூட அதிகம் போடாமல் இறுக்கி முடிச்சுப் போட்டுவிட்டாள். போட்டுவிட்டு, சரிதானே என்பதுபோல் நிமிர்ந்து பார்த்தாள்.

"இதுல எங்க கூடுது?" என்றார் அதிகாரி.

"பெரிம்மா, வழக்கமாக் கட்டுற மாதிரி..."

"ஆபீசரு முன்னாடி தப்புப் பண்ணச் சொல்றியா நீயி?"

அனுசுயா தலையில் கை வைத்துக்கொண்டாள். அப்போது போனுக்குள்ளிருந்து அதிகாரியின் குரல் கேட்டது. "கொஞ்சம் அப்பிடியே வைங்க. பின்னாடி பச்சைச் சேலை கட்டினவங்க என்ன பண்றாங்க?"

பின்னால் பாப்பாத்தி. போனும் தெரியாது, அதிகாரியும் தெரியாது. பக்கத்தில் இருந்தவளிடம் மருமகளைப் பற்றி ஏதோ அலுத்துக்கொண்டே பையை இறக்கினாள், ஒரு பிடி போட்டாள், கட்டினாள். அடுத்ததை இறக்கினாள், ஒரு பிடி. மருமகள் மேல் கோபம் ஏறிய ஒரு பைக்கு இரண்டு பிடி விழுந்தது. அதிகாரி ஐந்தாறு பைகளைப் பார்த்தார்.

"விளங்கிருச்சும்மா" என்றார் கடைசியில். உண்மையான எடையைப் போட்டுக் காகிதத்தைத் திருத்தித் தரச் சொன்னார். அவர் சிரிப்பை அடக்கியது போனிலும் தெரிந்தது.

காகிதம் ஒன்று என்றால் ஓர் அரை நாளில் முடியும். எடை மாறினால், காயில் பூச்சி நோய் இல்லை என்கிற பயிர் நலச் சான்றும் மாற வேண்டும், விலைப்பட்டியலும் மாற வேண்டும், எல்லாம் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். பிரசாத் ஓடினான். இங்கிருந்து அனுசுயா ஓட்டினாள். எல்லாம் முடிந்து பெட்டியைத் துறைமுக வாசலுக்குக் கொண்டுபோனபோது, அந்தக் கப்பலுக்கான வாசல் அடைத்தாகிவிட்டது. அடுத்த கப்பல் நாலைந்து நாள் கழித்துத்தான்.

கிள்ளானுக்குப் போன் செய்யும் முன் அனுசுயா ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தாள். எதையும் மறைக்கவில்லை. பெட்டி தாமதமாகும், தீபாவளிக்கு ஓரிரு நாள் முன்னால்தான் வரும், காரணம் இது என்று முழுவதும் சொன்னாள். கூடவே, உங்களுக்கு அரை டன் வெங்காயம் சும்மா வருகிறது என்ற நல்ல சேதியையும் சேர்த்துக்கொண்டாள். தனபாக்கியம் அந்த நல்ல சேதியைத்தான் முதலில் பிடித்தார்.

"என்னா மா நீ, சந்தோஷமா சொல்றே? என் கடையில அஞ்சு கிலோ பை அப்பிடியே அடுக்கி வச்சிருப்பேன். ஒண்ணு குண்டா இருக்கு, ஒண்ணு ஒல்லியா இருக்குன்னா, வர்றவன் எல்லாப் பையையும் தூக்கித் தூக்கிப் பாப்பான் லா. குண்டா உள்ளதெல்லாம் காலையிலயே போயிடும். ஒல்லிய நான் யாருக்கு விக்கறது? எனக்கு ஓசி வேணாம். ஒழுங்கா வேணும்."

இந்தப் பெட்டியை எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். ஆனால் இதை வைத்து எதையும் முடிவு செய்ய மாட்டார். கார்த்திகையில் இன்னொன்று அனுப்பு, அது ஒரே நிறையாக, சொன்ன நாளில் வந்தால் மாதம் இரண்டு பெட்டி. இல்லையென்றால் மனஸ்தாபமில்லாமல் பிரிந்துவிடலாம் என்றார்.

முதல் பெட்டி போய்ச் சேர்ந்தது. தீபாவளிக்குள் விற்றும் விட்டது. தனபாக்கியம் தன் கடையை வீடியோ எடுத்து அனுப்பியிருந்தார். ஒரு சீனப் பாட்டியும் இரண்டு தமிழ் ஆண்களும் இரு கையிலும் இரண்டு பைகளைத் தூக்கி எடை பார்த்துக்கொண்டு நின்றார்கள். பின்னணியில் அவருடைய குரல்: பாரு மா, நான் சொன்னேனா இல்லியா.

குழுக் கூட்டத்தில் கண்ணையன் விழுந்து விழுந்து சிரித்தார். கொசுறு போட்டு ஏற்றுமதியைக் கெடுத்த ஒரே ஊர் நாமாகத்தான் இருப்போம் என்றார். சிரித்து முடித்ததும், இன்னும் ஒரே ஒரு பெட்டி பார்ப்போம், ஆனால் ஒரு பிடி அதிகம் போனாலும் கட்டுகிறவர்கள் கூலியில் பிடிப்போம் என்றார். அனுசுயா அதற்கு ஒப்பவில்லை. தன் வீட்டுப் பொருளையும் இப்படித்தான் அள்ளிக் கொடுப்பவர்களை எப்படித் தண்டிப்பது என்று கேட்டாள். தானே பேசிச் சரிசெய்வதாகச் சொன்னாள்.

பேசினாள். பெண்கள் நன்றாகவே கேட்டார்கள். கிள்ளான் கடையின் வீடியோவைப் பார்த்து, பாவம் அந்தம்மா என்று வருத்தப்பட்டார்கள். இனிமேல் ஒரு வெங்காயம்கூடப் போடமாட்டோம் என்று சொன்னார்கள். காலையில் ஒருத்தியை ஒருத்தி காவல் காத்தார்கள். பிடி போட்டவளைப் பிடித்துக்கொடுத்தால் ஒரு கைதட்டல் என்று விளையாட்டாகவும் ஆக்கிக்கொண்டார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் பேச்சு சூடுபிடித்தது, கை தன் பாட்டுக்குக் குவியலுக்குள் போனது. இரண்டாவது தராசு ஒன்றை வைத்து மறுபடி நிறுத்துப் பார்த்ததில், பாதிப் பைகள் திரும்பி வந்தன. முடிச்சை அவிழ்த்து, எடுத்து, மறுபடி கட்டி, வேலை அப்படியே நின்றுபோனது. இந்த வேகத்தில் கட்டினால் கார்த்திகை தாண்டி மார்கழி வந்துவிடும்.

"கை கேக்க மாட்டேங்குதும்மா" என்றாள் ரெங்கம்மாள். கேலியெல்லாம் போய், நிஜமாகவே சங்கடப்பட்டாள். "நீ சொல்றது நியாயந்தான். ஆனா, கட்டுறப்ப என்னமோ பந்தியில உக்காந்தவங்கள அர வயித்தோட எழுப்பிவிட்டாப்ல இருக்கு. முடிச்சு விழ மாட்டேங்குது."

அனுசுயா வாசலில் போய் ஸ்கூட்டர் மேல் உட்கார்ந்தாள். மண்டி நினைவுக்கு வந்தது, கண்ணையன் முகம் நினைவுக்கு வந்தது. பத்து வருஷம் துறைமுகத்தில் அவள் செய்த வேலை, வெளியே போகிற எதற்கும் ஒரு பெயரும் ஓர் எடையும் கொடுத்துக் காகிதத்தில் ஏற்றுவது. மாதிரி என்று சும்மா போகிற பொருள்கூட விலைப்பட்டியலில் ஏறித்தான் போகும். விலை இல்லாதது, சுங்கக் கணக்குக்காக மட்டும் மதிப்பு இவ்வளவு என்று எழுதினால் போதும். இவர்கள் கொடுக்கிற பிடி மட்டும் ஏன் திருட்டுத்தனமாகப் பைக்குள் போக வேண்டும்?

எழுந்து உள்ளே போனாள். மூலையில் கிடந்த பிளாஸ்டிக் கூடைகளை எடுத்துவந்து, ஒவ்வொரு தராசுக்கும் பை கட்டுகிற இடத்துக்கும் நடுவில் ஒன்று வைத்தாள்.

"கை போறதப் போகட்டும் பெரிம்மா. அள்ளுங்க. பையில போடாதீங்க, இதுல போடுங்க. கூடை நெறஞ்சா அதையும் அஞ்சு கிலோவா நிறுத்து, பச்சச் சீட்டுப் போட்டுத் தனியாக் கட்டுவோம். அந்தம்மாவுக்கு நீங்க குடுக்கறது முழுசாப் போயிச் சேரும், காகிதத்தோட."

ரெங்கம்மாள் கூடையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒரு பையை இறக்கினாள். ஒரு பிடி அள்ளிக் கூடையில் போட்டாள். பையை முடிச்சுப் போட்டாள். முடிச்சு விழுந்தது.

"ஏம்மா, அந்தப் பச்சச் சீட்டு மூட்டைக்குக் கொசுறு?"

"பெரிம்மா."

"சும்மா கேட்டேன்."

அதற்கப்புறம் வேலை ஓடியது. திரும்பி வந்த பைகள் விரல் விட்டு எண்ணுகிற அளவுக்குக் குறைந்தன. பாப்பாத்தியின் கூடை மட்டும் மற்றவர்களுடையதைவிடச் சீக்கிரம் நிறைந்தது. மருமகள் இன்னும் திருந்தவில்லை போலிருக்கிறது என்று கொட்டகை பேசிக்கொண்டது.

இந்த முறை பாடாலூர் எடை மேடையில் அனுசுயா லாரியை விடவில்லை. ஜல்லி லாரிகளுக்கு நடுவில் வரிசையில் நிற்க வைத்து, ஓட்டுநர் முணுமுணுத்ததற்கு இரண்டு டீயும் ஒரு வடையும் வாங்கிக் கொடுத்தாள். மேடையில் ஏறி இறங்கியபோது, காகிதத்தில் இருந்ததும் மேடை காட்டியதும் ஒன்றாக இருந்தன. விலைப்பட்டியலின் கடைசி வரியில், பச்சைச் சீட்டுப் பைகள், விலையில்லாமல் கொடுப்பவை என்று இருந்தது. தூத்துக்குடியில் அதே அதிகாரிதான். அந்த வரியைப் படித்துவிட்டு, பச்சைச் சேலை அம்மா சௌக்கியமா என்று பிரசாத்திடம் கேட்டாராம். பெட்டி சொன்ன கப்பலில் ஏறியது.

பத்து நாள் கழித்து, கொட்டகையில் எல்லோரும் இருக்கும்போது தனபாக்கியத்தின் அழைப்பு வந்தது. அனுசுயா போனை எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள். குவியலருகே ஒரு கையும் அசையவில்லை. கண்ணையன் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அனுசுயா, பெட்டி வந்திருச்சு மா. எல்லாப் பையும் நிறுத்துப் பாத்துட்டேன். ஒரே மாதிரி இருக்கு. சரி, அந்தப் பச்சச் சீட்டுப் பை எவ்வளவு வரும் ஒவ்வொரு தடவையும்? நான் இன்னொரு பத்துப் பை சேத்துக் கேக்கலாம்னு பாக்கறேன். சும்மா குடுக்கறதுதானே."

அனுசுயா பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் ரெங்கம்மாள் போனுக்குப் பக்கத்தில் வந்துவிட்டாள்.

"அம்மா, நான் இங்க பை கட்டுறவ பேசறேன். கூடை எவ்வளவு நெறயுதோ அவ்வளவு வரும். ஒரு நா கூட வரும், ஒரு நா குறைய வரும். கணக்குப் போட்டுக் கேட்டு வாங்குனா, அதுக்கு நீங்க விலையக் குடுத்துட்டே வாங்கிக்கலாமே."

கண்ணையன் தூணை விட்டுவிட்டு நெற்றியில் கை வைத்தார். போச்சு, மாதம் இரண்டு பெட்டி போச்சு என்று அவர் உதடு அசைந்தது.

"அனுசுயா" என்றார் தனபாக்கியம், "இந்தம்மாகிட்ட பேரம் பேச என்னால முடியாது லா. விலைக்கே பத்துப் பை கூடப் போட்டு எழுது. பதினஞ்சு நாளைக்கு ஒரு பெட்டி. மார்கழில ஆரம்பிச்சிரு."

போன் அணைந்ததும் கொட்டகையில் எழுந்த சத்தத்தில் கூரையிலிருந்த புறாக்கள் பறந்தன. கண்ணையன், நான் அப்போதே சொன்னேனே என்று யாரிடமோ சொல்ல ஆரம்பித்து, என்ன சொன்னோம் என்று நினைவில்லாமல் நிறுத்திக்கொண்டார். இப்போது அவருக்குப் புதிதாக ஒரு கவலை. பதினைந்து நாளைக்கு ஒரு பெட்டி நிரப்ப செட்டிகுளத்து வெங்காயம் மட்டும் போதாது, நாட்டார்மங்கலத்தாரையும் சேர்க்க வேண்டும், அவர்களோ இவரோடு வாய்க்கால் தகராறில் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள். நாளைக்கே போய்ப் பேசுவோம், நான் பின்னால் நிற்கிறேன், நீதான் முன்னால் பேச வேண்டும் தங்கச்சி என்று அனுசுயாவிடம் கெஞ்சினார்.

ரெங்கம்மாளுக்கு அந்தப் பேச்செல்லாம் காதில் விழவில்லை. மாதம் இரண்டு பெட்டி என்றால் இந்தக் கைகள் போதாது. அவள் கொட்டகை வாசலுக்குப் போய், சாலைக்கு எதிர்ப்புறம் பருத்திக்காட்டில் நின்ற பெண்களை அந்தக் குரலில் ஒவ்வொருத்தியாகப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தாள்.